இரண்டாவது ஆளின் கையில் ஒரு இலை

என்ன நடந்தது என்பதை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பட்டியல் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது.

1. குணா அண்ணன் சொந்த முயற்சியில் ஒரு தமிழ்ப்படம் எடுத்தார். கதை ஜப்பான்காரன் காலத்து மலாக்காவில் நடக்கிறது.
2. அதற்காக மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு பழைய வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வாங்கினோம்.
3. கதாநாயகியை விரும்பும் இரண்டாவது ஆளை எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை.
4. பிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு காட்சியைச் சேர்த்தோம்.
5. அதன் ஒத்திகையைப் பார்த்த வீட்டுக்காரர் எங்களை வெளியே போகச் சொன்னார். அப்போது பாதிப் படம் முடிந்திருந்தது.
6. தவறு என் பட்டியலில் இருந்தது.
7. ஒரு பக்கத்தை மாற்றி எழுதினேன்.

பதினோரு வருடம் படப்பிடிப்புகளில் தொடர்ச்சி பார்க்கும் வேலை செய்தேன். இந்த வருடம் விட்டுவிட்டேன். முப்பத்து நான்கு வயதில் யாராவது ஓய்வு பெறுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, என் முதுகு ஓய்வு பெற்றுவிட்டது என்றேன். இப்போது செமாபோக்கில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். குறும்படம் எடுக்கும் இரண்டு தங்கைகள் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள்: "அக்கா, ரெண்டாவது மாப்பிள்ளைய வில்லனா ஆக்காம, கோமாளியாவும் ஆக்காம எப்படி எழுதறது?" குறுஞ்செய்தியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பொலிடெக்னிக்கில் கட்டட வரைகலை. ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு வீட்டின் தரைப்படம் வரைந்து கொடுக்கப் போனேன். போன இடத்தில் கதவு முதல் காட்சியில் இடப்பக்கமும் மூன்றாம் காட்சியில் வலப்பக்கமும் திறப்பதைச் சொன்னேன். மறுநாளே என்னைத் தொடர்ச்சிக்கு வைத்துக்கொண்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

தொடர்ச்சி என்றால், ஒரே காட்சியை ஆறு நாளில் துண்டு துண்டாக எடுத்தாலும், ஒரே மூச்சில் நடந்தது போல் தெரிய வைப்பது. யார் எந்தக் கையில் குடை பிடித்தார், தம்ளரில் எவ்வளவு காப்பி மீதி என்று எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். குணா அண்ணனின் படத்தில் இதற்கு மேல் இன்னொரு சுமை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம்தான். சுவர்க் கடிகாரம் பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓட வேண்டும். சோறு ஒரு காட்சியில் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். டியூப் கிடைக்காத காலம் என்பதால் சைக்கிளுக்குக் காற்றடித்த டயர் இருக்கக்கூடாது. இப்படி ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதில் நான்கு கட்டங்கள்: கையில் என்ன, கடைசியாக என்ன சாப்பிட்டான், எதற்கு வந்தான், போகும்போது எதை விட்டுப் போனான்.

குணா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. காட்சியை எடுப்பதற்கு முன்னால் நடிகர்களைத் தரையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். அவர் மட்டும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். "மூஞ்சியப் பாத்தா எல்லாரும் நல்லா பண்றமாதிரிதான் தெரியும். காதுக்குப் பொய் சொல்ல முடியாது" என்பார். படித்து முடித்ததும் பிடிக்கவில்லை என்றால் "மறுபடி" என்று ஒரு சொல். பிடித்தால் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி கேட்பார். எங்கள் குழுவில் ஒரு காட்சி தேறிவிட்டது என்பதற்கு அடையாளம் அந்தத் தேத்தண்ணிதான்.

கதை இதுதான். லெட்சுமி தோட்டத்துப் பெண். அவளுக்கு நிச்சயித்த மாரியை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறான். லெட்சுமியும் அவள் தாயும் காஜா பேராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்கட்டுக்கு வந்து சேர்கிறார்கள். மலாக்கா செட்டிகள் நூற்றாண்டுகளாக இங்கேயே இருப்பவர்கள். நம் சாமிகளைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் பேசுவது ஒருவகை மலாய். அந்த வீட்டுப் பையன் நாதன், ஜப்பான்காரனின் அரிசிப் பங்கீட்டு அலுவலகத்தில் எழுத்தர். அவனுக்கு லெட்சுமியைப் பிடித்துவிடுகிறது. எங்கள் இரண்டாவது ஆள் அவன்தான்.

நாங்கள் எடுத்த வீடு உண்மையாகவே செட்டி வீடு. வீட்டுக்காரர் கமலா அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், வாசலில் காலையில் குவே என்ற மலாய்ப் பலகாரம் விற்பவர். அவருடைய தம்பி ராஜன் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர். ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் கூடத்தைக் கடந்து போனதைப் பார்த்த குணா அண்ணன், அன்றே அவரை நாதனாக ஆக்கிவிட்டார். ராஜனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எண்ணி இருபது. அதில் பாதி சாப்பாட்டுப் பெயர்கள்.

இருந்தும் முதல் வரைவில் நாதன் செந்தமிழ் பேசினான். "உன் கண்ணீர் என் உள்ளங்கையில் விழட்டும், லெட்சுமி" என்பதை மலாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ராஜன் மனப்பாடம் செய்தார். கூடத்தின் ஓரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலா அக்காவுக்கு யாரோ அர்த்தம் சொன்னார்கள். அவரும் ராஜனும் பேசுவது மலாய்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"எங்க வம்சத்துல எந்த ஆம்பள இப்படிப் பேசினான்? எங்கப்பா எங்கம்மாகிட்ட நாப்பது வருஷத்துல பேசினதே 'சாப்டாச்சா'தான்."

அதோடு செந்தமிழ் போயிற்று. நாதன் தன் மலாயையே பேசினான், லெட்சுமி தமிழில் பதில் சொன்னாள். ஆனால் அப்போதும் அவன் யாருக்கும் ஒட்டவில்லை. குணா அண்ணன் ஒவ்வொரு வரைவிலும் அவனுக்கு இன்னொரு நல்ல காரியத்தைச் சேர்த்துக்கொண்டே போனார். அரிசி கொண்டுவந்து தருகிறான், கூரை மாற்றுகிறான், லெட்சுமியின் தாயின் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை தேடிப்போகிறான். என் தாள்களைக் கூட்டிப் பார்த்தேன்: பதினோரு நல்ல காரியங்கள். "எதற்கு வந்தான்" என்ற கட்டத்தில் பதினோரு முறையும் "உதவ" என்று எழுதியிருந்தேன்.

லெட்சுமியாக நடித்த ஷர்மி ஒருநாள் படிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இவரு மாப்பிள்ளையா, நலத்துறை ஆபீசரா? ஃபாரம் நிரப்பிக் குடுத்தாதான் லவ் பண்ணுவாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பார்த்து நின்ற குணா அண்ணனும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சி வந்தது.

செட்டிகள் பொங்கலுக்கு முந்தைய நாள் பர்ச்சு என்று ஒன்று செய்வார்கள். இறந்துபோனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, சாம்பிராணி போடுவார்கள். கமலா அக்கா வீட்டில் அதன்பின் எல்லோரும் சற்று நேரம் வாசலுக்கு வந்து நிற்பது வழக்கம், முன்னோர்கள் சங்கோசமில்லாமல் சாப்பிடட்டும் என்று. குணா அண்ணனுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "விமலா, நாதன் பர்ச்சு அன்னிக்கு மாரிக்கும் ஒரு இலை போடறான். தன்னோட எதிராளிக்கே இலை போடறவன யாருக்குப் பிடிக்காம போகும்?" என்றார். பிரமாதம் அண்ணே என்றேன்.

வழக்கம்போலப் பட்டியல் எடுக்கப் போனேன். இலையின் நுனி எந்தப் பக்கம், முதலில் எது பரிமாறுவது, தண்ணீர் எங்கே, சாம்பிராணி எப்போது, ஆண்கள் வேட்டியா சரோங்கா. கமலா அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார். பத்தொன்பது வரிகள் எழுதினேன். யாருக்கு இலை போடலாம் என்று மட்டும் கேட்கவில்லை. படையல் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை அவரே சொன்னார்: "சும்மா நடிக்கறதுக்கு இலை போட முடியாது. இலை போட்டா யாராச்சும் சாப்பிட வருவாங்க. அதனால என் ஆளுங்களக் கூப்பிடறேன். ஆறு பேரு. அவங்களுக்குச் சமைச்சுத் தரேன்." அப்படியே ஆறு பேரின் பெயரையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுச் சமையலுக்குப் போனார். நானும் ஆறு இலை என்று எழுதிக்கொண்டேன். மாரியின் இலையோடு ஏழு.

ஒத்திகை காலை பத்து மணிக்கு. கூடத்தில் ஏழு இலைகள் வரிசையாக இருந்தன. ராஜன் ஏழாவது இலையில் மரவள்ளிக்கிழங்கை வைத்தார். கமலா அக்கா தட்டில் குவேயோடு உள்ளே வந்தார், இலைகளைப் பார்த்தார், மறுபடி எண்ணினார்.

"இது யாருக்கு?"

நான்தான் பதில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "மாரிக்கு அக்கா. நாதன் போடறாரு."

"மாரி செத்துட்டானா?"

"அது... யாருக்கும் தெரியாது. சயாம்லேருந்து சேதி வரல."

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஏழாவது இலையைக் கிழங்கோடு எடுத்து மடித்துக்கொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"என் வீட்டுல உயிரோட இருக்கறவனுக்கு இலை போட்டுட்டீங்க. கெமராவ எடுத்துட்டுப் போயிடுங்க. ராஜன், நீயும் எந்திரி."

ராஜன் எழுந்துவிட்டார். வாசலில் நாங்கள் பொருட்களை வேனில் ஏற்றினோம். என் தாள்களின்படி அந்தக் கூடத்தில் பதினாறு காட்சிகள் முடிந்திருந்தன, ஒன்பது மீதி. அதே தூண், அதே தரை ஓடு, அதே முன்னோர் மேடை வேறெந்த வீட்டிலும் கிடையாது. நடிகரும் அந்த வீட்டுக்காரரின் தம்பி. கமலா அக்கா மனம் மாறாவிட்டால் படம் அன்றோடு முடிந்தது. குணா அண்ணன் நான்கு வருடம் எழுதிய படம்.

அவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். "நான் போய்க் கால்ல விழட்டுமா விமலா?" என்றார்.

"நீங்க போக வேணாம் அண்ணே. பட்டியல் என்னுது. நான் போறேன்."

மறுநாள் காலை போனேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. வாசலில் குவே வாங்க வந்தவர்கள் போகும்வரை நின்றேன். கமலா அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் வாழை இலையைச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அக்கா. கேக்க வேண்டியத நான் கேக்கல."

"பத்தொம்பது கேள்வி கேட்டியே?"

"இருபதாவது கேக்கல."

அவர் கத்தியை வைக்காமலே சொன்னார். அவருடைய பெரியப்பாவும் சயாமுக்குப் போனவர். போர் முடிந்து ஜப்பான்காரன் போய்விட்டான், தெரிந்தவர்கள் சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள், பெரியப்பா வரவில்லை. ஒரு பர்ச்சுவில் உறவுக்காரர் ஒருவர், அவனுக்கும் இந்த வருடம் இலை போட்டுவிடலாம் என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். பெரியப்பாவின் தாய் அவரை வாசல்வரை துரத்தியிருக்கிறார். அந்தத் தாய் இருந்தவரை அந்த இலை விழவேயில்லை.

"அவங்க போனதுக்கு அடுத்த பர்ச்சுவுலதான் எங்கப்பா ரெண்டு இலையும் ஒண்ணா போட்டாரு. அம்மாவுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு. காத்திருக்கறதுக்கு ஆள் இல்லன்னு ஆனப்புறம்தான். நேத்து ஆறாவது இலை பெரியப்பாவோடதுதான்."

பிறகு அவரே கத்தியை என் பக்கம் நீட்டிக் கேட்டார்:

"உங்க நாதனுக்கு அந்தப் பொண்ணு வேணும்தானே? மாரிக்கு இலை போட்டுட்டா யாருக்கு லாபம்? நீங்க அவன நல்லவன்னு சொல்றீங்க. நான் பாத்தா, ரொம்ப கெட்டிக்காரன்."

நடந்து வேனுக்குத் திரும்புகையில்தான் அது முழுதாகப் புரிந்தது. நாதனின் மிகப்பெரிய கருணை என்று நாங்கள் எழுதியது, அவன் செய்யக்கூடிய மிகப்பெரிய சுயநலம். பிணத்தைப் பார்க்காமலே எதிராளியைப் புதைப்பது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. அவனுக்கு அவள் வேணும் என்று இத்தனை மாதத்தில் முதன்முறையாகச் சொன்னது கமலா அக்காதான். என் கட்டத்தில் பதினோரு முறை "உதவ" என்று எழுதியிருந்தேனே, அது பொய். அவன் பதினோரு முறையும் அவளைப் பார்க்கத்தான் வந்தான்.

வேனிலேயே உட்கார்ந்து தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். காட்சியைத் தலைகீழாக்கினேன். பர்ச்சு அன்று லெட்சுமியே வந்து கேட்கிறாள்: "மாரிக்கும் ஒரு இலை போட்டுடுங்க. காத்திருந்து காத்திருந்து என்னால முடியல." போட்டுவிட்டால் அவளுக்கும் ஓய்வு, அவனுக்கும் வழி. நாதன் கையில் கழுவிய இலை இருக்கிறது. அவன் அவளைப் பார்க்கிறான், இலையைப் பார்க்கிறான். பிறகு "பெலும்" என்கிறான். மலாயில் "இன்னும் இல்லை". அவ்வளவுதான் வசனம்.

குணா அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வேனின் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார். முடித்த பிறகும் திரும்பாமலே கேட்டார்:

"இதுல அவன் நல்லவனா விமலா?"

"தெரியல அண்ணே. ஆனா அவனுக்கு ஆசை இருக்கு. இருந்தும் போடல."

"தேத்தண்ணி கிடைக்குமா பாரு" என்றார்.

ஆனால் நான் எழுதிய பக்கம் கமலா அக்காவிடமும் தேற வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், குணா அண்ணனோடு அதே வாசலில் நின்று மலாயில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் எங்களைப் பார்க்கவில்லை, உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

"ராஜன், நீயா இருந்தா போடுவியா?"

"நான் போட்டிருப்பேன்" என்றார் ராஜன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அதான் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

பிறகு குணா அண்ணனிடம் மூன்று நிபந்தனை வைத்தார். ஆறு இலை மட்டும்தான் தரையில் இருக்க வேண்டும். மாரி செத்துவிட்டதாகப் படத்தில் யாரும் எங்கேயும் சொல்லக்கூடாது. படம் பிடிக்கும்போது அவர், காட்சி தெரியும் குட்டித் திரையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குணா அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து எடுத்தோம். கமலா அக்கா மறுபடி சமைத்து, மறுபடி ஆறு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். முதல் நான்கு முறையும் ராஜன் "பெலும்" என்பதை ஆசீர்வாதம் செய்வது போலச் சொன்னார். குணா அண்ணன் அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"தம்பி, உனக்கு அவ வேணுமா வேணாமா?"

"வேணும்லா அண்ணே."

"அப்புறம் ஏன் சாமி சிலை மாதிரி நிக்கற? வேண்டாம்னு சொல்றது வலிக்கட்டும்."

ஐந்தாவது முறை. ஷர்மி கேட்டாள். ராஜன் இலையைப் பிடித்தபடி நின்றார். நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினான்கு வினாடி. "பெலும்" என்றார். இலையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் திரும்பப் போட்டார். ஈரக் கையைச் சரோங்கில் துடைத்தார். அத்தோடு காட்சி முடிய வேண்டும். ஆனால் ராஜன் போகாமல் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், எங்கள் யாருடைய தாளிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்:

"அடுத்த வருஷம் கேளு. நான் இங்கதான் இருப்பேன்."

ஷர்மிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அது நடிப்பில்லை. குட்டித் திரையின் பக்கத்திலிருந்து கமலா அக்கா, "காத்தால்!" என்றார். ஆசை பிடித்தவனை மலாயில் இப்படித்தான் திட்டுவார்கள். திட்டும்போது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் "எதற்கு வந்தான்" கட்டத்தில் இருந்த சொல்லை அடித்துவிட்டு "அவளுக்காக" என்று எழுதினேன். மற்ற பதினோரு தாள்களையும் அன்று சாயங்காலமே திருத்தினேன். பதினொன்றில் ஏழு நல்ல காரியங்களைக் குணா அண்ணன் தாமே வெட்டிவிட்டார். மீதி நான்கு போதுமானதாக இருந்தது.

தங்கைகளே, இதில் சூத்திரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் கைப்பழக்கத்துக்கு ஒன்று மட்டும் தெரிகிறது: அவன் என்னென்ன கொடுத்தான் என்று எழுதுவது சுலபம். எதை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினான், எங்கே அந்தக் கையை மடக்கினான் என்பதையும் எழுதிவிடுங்கள்.

மீதி எட்டுக் காட்சிகளையும் அந்த வீட்டிலேயே எடுத்து முடித்தோம். படத்தைக் காஜா பேராங்கில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் வாசலில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து சண்டை. ஒரு கூட்டம் லெட்சுமி மாரிக்காகக் காத்திருக்க வேண்டும் என்றது, மற்றது நாதனை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அவள் ஒரு முட்டாள் என்றது. கமலா அக்கா இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். "அவ அடுத்த வருஷம் கேட்டாளா இல்லையா?" என்று குணா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். அது படத்தில் இல்லை அக்கா என்றார் அவர்.

இப்போதைய நிலை இது. படத்தின் ஒரு பிரதி குணா அண்ணனிடமும் ஒன்று கமலா அக்காவிடமும் இருக்கிறது. பெரிய அரங்குகளுக்கு அது போகவில்லை. ராஜன் குளிர்சாதனம் பழுதுபார்க்கிறார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன மாதம் எங்கள் அலுவலகத்துக் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வந்தபோது, மண்டபத்தில் படம் பார்த்திருந்த எங்கள் கணக்காளரம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டு, அந்தப் பொண்ணு உங்களைக் கட்டியிருக்கணும் என்றார். ராஜன் ஏணியில் நின்றபடியே நன்றி சொன்னார்.